அறிமுகமும் ஒரு முதல்



வியாபாரத்துக்கு முதல் என்றவுடன் பணமும் சரக்குமே நம் நினைவுக்கு வருகின்றன. மூன்றாவதாக ஒரு முதல் உண்டு. அது பேரேட்டில் ஏறாது. ஆனால் பேரேட்டை நிரப்புவது பெரும்பாலும் அதுவே. அதன் பெயர் அறிமுகம். இம்மாதப் பாடத்துக்கு அதையே எடுத்துக்கொள்வோம்.

கோலாலம்பூரிலும் சைபர்ஜெயாவிலும் சென்னையிலும் ஸ்டார்ட்-அப் என்னும் புதுத் தொழில் தொடங்கும் இளைஞர்கள் அடிக்கடி கூட்டம் கூடுகிறார்கள். "அங்கே என்ன நடக்கிறது? தேநீர் குடிக்கிறார்கள், பேசுகிறார்கள், கலைகிறார்கள்" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. அந்தப் பேச்சில் கைமாறுவது என்ன, அத்தகைய கூட்டத்தை நம் கடையிலும் சங்கத்திலும் நாம் நடத்துவது எப்படி என்பவற்றை ஒழுங்காகப் பார்ப்போம்.

ஸ்டார்ட்-அப் என்பது யாது?

மளிகைக் கடை திறக்கிறவருக்கு எந்தச் சரக்கு ஓடும், எது தேங்கும் என்பது ஓரளவு தெரியும். அவருக்கு முன் ஆயிரம் பேர் அதே கடையை நடத்தியிருக்கிறார்கள். ஸ்டார்ட்-அப் தொடங்குகிறவரோ இதுவரை இல்லாத ஒரு கருவியை அல்லது சேவையைப் பெரும்பாலும் கணினியையும் கைத்தொலைபேசியையும் கொண்டு செய்து பார்க்கிறார். மக்களுக்குப் பிடித்தால் வேகமாகப் பெருக்குகிறார். பிடிக்காவிட்டால் மாற்றுகிறார், அல்லது மூடுகிறார். முன் சென்றவர் தடம் இல்லாததால் பிறரைக் கேட்டறியும் தேவை அவருக்கு நம்மைவிட அதிகம். ஆகவேதான் அவர்கள் கூடுகிறார்கள்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இன்று நம் உணவகங்களுக்குக் கைத்தொலைபேசி வழியாக ஆர்டர் வருகிறது. கல்லாப்பெட்டிக்கு முன்னால் கட்டமிட்ட அட்டையைக் காட்டினால் வாடிக்கைக்காரர் பணம் செலுத்திவிட்டுப் போகிறார். இவற்றைச் செய்தவர்களில் பலர் இத்தகைய கூட்டங்களில் பழகியவர்கள். அவற்றைச் செய்யும்போது, "எங்கள் கடைக்கு வேண்டியது இது, வேண்டாதது இது" என்று சொல்ல நம்மவர் எத்தனை பேர் அங்கே இருந்தார்கள்? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

ஒரு காப்பிக்கடைக்காரர்

கூட்டம் கூட்டுவதற்குப் பெரும்படிப்பு வேண்டும் என்று எவரும் அஞ்ச வேண்டாம். 1680களில் லண்டன் டவர் வீதியில் எட்வர்டு லாயிட் என்பவர் காப்பிக்கடை வைத்திருந்தார். 1691ல் லம்பார்டு வீதிக்கு மாறினார். கப்பல் தலைவர்களும், சரக்கு ஏற்றும் வணிகர்களும், கப்பல் மூழ்கினால் ஈடு கொடுப்பதாக ஒப்பமிடுவோரும் அவர் கடைக்கு வந்தார்கள். லாயிட் அந்த ஈட்டுத் தொழிலைச் செய்தவர் அல்லர். வந்தவர்களுக்கு உட்கார இடம் கொடுத்தார். எந்தக் கப்பல் எங்கே இருக்கிறது என்ற செய்தியைத் திரட்டிக் கொடுத்தார். 1696ல் அதற்கென ஒரு செய்தித்தாளும் போட்டுப் பார்த்தார். 1713ல் அவர் இறந்தார். அவர் கடையில் கூடியவர்களின் வழியில் வளர்ந்த இன்ஷூரன்ஸ் சந்தை இன்றும் லண்டனில் லாயிட்ஸ் என்ற அவர் பெயராலேயே நடைபெறுகிறது. இன்ஷூரன்ஸ் பற்றிய மார்க்கத் தீர்ப்பு வேறு விஷயம். நாம் இங்கே கவனிப்பது, ஒரு கடைக்காரர் இடமும் செய்தியும் கொடுத்ததால் ஒரு தொழிலே அங்கு நிலைகொண்டது என்பதை மட்டுமே.

ஒரு மோட்டார் கொட்டகை

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து மென்லோ பார்க்கில், 1975 மார்ச்சு 5ந் தேதி, கார்டன் பிரெஞ்ச் என்பவர் வீட்டு மோட்டார் கொட்டகையில் சுமார் முப்பது பேர் கூடினார்கள். வீட்டிலேயே கணினி செய்து பார்க்க ஆசைப்பட்டவர்கள் அவர்கள். ஹோம்புரூ கணினிக் கழகம் என்று அதற்குப் பெயர் ஏற்பட்டது. முதற்கூட்டத்துக்கு வந்தவர்களில் ஸ்டீவ் வாஸ்னியாக் ஒருவர். தாம் வரைந்த கணினியின் படத்தை அவர் கழகத்தாருக்கு இலவசமாகவே கொடுத்தார். 1976ல் அவரும் ஸ்டீவ் ஜாப்ஸும் சேர்ந்து தொடங்கிய ஆப்பிள் நிறுவனத்தின் முதற்பொருள் அந்தக் கணினிதான்.

பின்னாளில் அக்கழகத்தை லீ ஃபெல்சன்ஸ்டீன் என்பவர் நடத்திய முறையை நாம் பாடமாகக் கொள்ளலாம். கூட்டத்தை அவர் இரண்டு பாகமாக்கினார். முதற்பாகத்தில் ஒவ்வொருவரும் எழுந்து, தம்மிடம் இருப்பது என்ன, தமக்கு வேண்டுவது என்ன என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இரண்டாம் பாகத்தில் மேடைப்பேச்சு எதுவும் இல்லை. யாரிடம் போக வேண்டும் என்பது முதற்பாகத்திலேயே தெரிந்துவிட்டதால், அவரவர் தமக்கு வேண்டியவரைத் தேடிச் சென்று பேசுவார்கள்.

தூரத்துப் பழக்கத்தின் பயன்

"நமக்குத்தான் ஊர்க்காரர்கள் இருக்கிறார்களே, சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே, அந்நியர் அறிமுகம் எதற்கு?" என்பாரும் உளர். மார்க் கிரானவெட்டர் என்னும் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் 1973ல் இதைப் பற்றி எழுதினார். தெரிந்தவர் மூலம் புதிய வேலை கிடைத்தவர்களிடம், "அந்தத் தெரிந்தவரை அப்போது எவ்வளவு அடிக்கடி சந்தித்து வந்தீர்கள்?" என்று அவர் விசாரித்தார். வாரம் இரு முறையாவது சந்திப்பவர் மூலம் வேலை பெற்றவர்கள் நூற்றுக்கு 16.7 பேர். எப்போதாவது சந்திப்பவர் மூலம் பெற்றவர்கள் 55.6 பேர். ஆண்டுக்கு ஒரு முறை அல்லது அதற்கும் குறைவாகச் சந்திப்பவர் மூலம் பெற்றவர்கள் 27.8 பேர்.

காரணம் எளிது. தினமும் நம்மோடு உட்காருபவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும். நமக்குத் தெரியாத செய்தி வேறு வட்டத்தில் பழகுகிறவரிடமே இருக்கிறது. ஒரே ஊர்க்காரர் ஒரே மேசையில் முப்பது ஆண்டு பேசினாலும், அந்த மேசைக்கு வராத செய்தி வராமலேதான் இருக்கும். ஆபத்துக்கு உதவ உறவு வேண்டும். புதிய வழி தெரிய அறிமுகம் வேண்டும். இரண்டும் தேவை.

சென்னையில் நடந்தது

இனித் தமிழர் ஊருக்கு வருவோம். 2000ல் சென்னைத் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. கட்டடம் வந்தது, கம்பெனிகள் வந்தன. ஆனால் கட்டடத்துக்குள் தனித்தனி அறையில் இருப்பவர்கள் தாமாகவே ஒருவரையொருவர் அறிந்துகொள்வதில்லை. 2006 ஏப்ரலில் சென்னையில் பார்கேம்ப் என்ற கூட்டம் நடந்தது. இங்கே பார் என்பது மதுக்கடையன்று. கணினிக்காரர் வழக்கிலுள்ள ஒரு சொல். அமெரிக்காவில் ஒரு பதிப்பகத்தார் அழைப்புப் பெற்றவர்களுக்கு மட்டும் ஒரு கூட்டம் நடத்தி வந்தார்கள். அழைப்பில்லாதவர்களுக்கும் ஒன்று வேண்டும் என்று 2005 ஆகஸ்டில் பாலோ ஆல்ட்டோவில் தொடங்கியதே பார்கேம்ப். யார் எப்போது பேசுவது என்பதை வந்தவர்களே அன்று காலையில் பலகையில் எழுதிக்கொள்வார்கள். வெறும் பார்வையாளராக எவரும் வரக்கூடாது, ஏதேனும் ஒன்றைச் சொல்லவோ செய்யவோ வேண்டும் என்பது அதன் வழக்கம்.

1996ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் 2009ல் ஸோஹோ என்று பெயர் மாறியது. அங்கே பல்லாண்டு வேலை பார்த்த கிரீஷ் மாத்ருபூதம், 2010ல் நண்பரோடு வெளியே வந்து ஃப்ரெஷ்டெஸ்க் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய அது, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. இவர்கள் செய்யும் தொழிலை ஆங்கில எழுத்துகளால் சாஸ் என்பார்கள். மென்பொருளை ஒரேயடியாக விற்காமல் மாத வாடகைக்கு விடுவது என்று நாம் புரிந்துகொள்ளலாம்.

இந்தத் தொழில் நடத்துகிறவர்கள் சென்னையில் சேர்ந்து வளர்த்த கூட்டமைப்பு சாஸ்பூமி. தொழில் முதலாளிகளே தொண்டர்களாக நின்று நடத்துகிறார்கள். முன்னே போனவர் பின்னே வருபவருக்குத் தாம் பட்டதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. வாடகை எவ்வளவு வைப்பது, முதல் வாடிக்கைக்காரரை எப்படிப் பிடிப்பது, யாரை வேலைக்கு எடுத்து ஏமாந்தோம் என்பவை போன்ற விஷயங்கள் புத்தகத்தில் கிடைப்பவை அல்ல. ஒருவர் வாயால் மற்றொருவர் கேட்டால்தான் உண்டு. ஒரே தெருவில் கடை வைத்திருக்கும் நாம் கொள்முதல் விலையைக்கூட ஒருவருக்கொருவர் மறைக்கிறோம். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எதையும் சொல்லாதவருக்கு எவரும் எதையும் சொல்வதில்லை.

நம் நாட்டில்

நம் அரசாங்கமும் இவ்விஷயத்தில் சும்மா இருக்கவில்லை. 1990களில் சைபர்ஜெயா எழுந்தது. 2003ல் கிராடில் ஃபண்டு ஏற்பட்டது. 2014 ஏப்ரலில் மேஜிக் என்னும் மையம் சைபர்ஜெயாவில் தொடங்கப்பட்டபோது அமெரிக்க அதிபர் ஒபாமாவே வந்திருந்தார். அது 2021ல் மலேசியத் தொழில்நுட்பப் பூங்காவோடு சேர்க்கப்பட்டு மிராந்தி என்றாயிற்று. 2024 ஏப்ரலில் கோலாலம்பூரில் கேஎல்20 மாநாடு நடந்தது. 2030க்குள் உலகின் முதல் 20 ஸ்டார்ட்-அப் நகரங்களில் ஒன்றாகக் கோலாலம்பூரை ஆக்குவது அதன் குறிக்கோள்.

கிராப் நிறுவனத்தை எல்லோரும் அறிவோம். ஹார்வர்டில் படித்த இரு மலேசியர்கள் 2012ல் கோலாலம்பூரில் மைடெக்சி என்ற பெயரில் அதைத் தொடங்கினார்கள். மலேசிய டாக்சிகளைப் பற்றி உடன் படித்தவர் ஒருவர் குறை சொன்னதிலிருந்து அந்த யோசனை பிறந்தது. 2014ல் அதன் தலைமையகம் சிங்கப்பூருக்குப் போய்விட்டது. ஒரு குறையைக் காதில் வாங்கிய இருவர் ஒரு பெருந்தொழிலை எழுப்பினார்கள். நம் கல்லாப்பெட்டிக்கு முன்னால் நாள்தோறும் எத்தனை குறைகள் பேசப்படுகின்றன! அவற்றைக் கேட்டு ஒரு கருவி செய்யத் தெரிந்த பிள்ளைகள் அந்த நேரத்தில் நம்மோடு உட்கார்ந்திருப்பதில்லை.

இதற்கு நம் பகுதியிலேயே ஓர் உதாரணம் உண்டு. பிள்ளை ஒருவர் மளிகைக் கடைக் கடன் பற்றை எழுதி வைக்கும் செயலி ஒன்றைச் செய்தார். நன்றாகவே செய்திருந்தார். ஆனால் வாடிக்கைக்காரர் பாதி கொடுத்து மீதியைச் சம்பள நாளுக்குத் தள்ளுவதற்கும், அண்ணன் பற்றைத் தம்பி வந்து தீர்ப்பதற்கும் அதில் இடம் இல்லை. எட்டு மாத வேலையில் இருந்த இந்தக் குறையை ஒரு கடைக்காரர் கால் மணி நேரத்தில் எடுத்துச் சொன்னார். அதற்குள் பிள்ளையின் சேமிப்புத் தீர்ந்துவிட்டது. அவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். அந்தக் கால் மணி நேரம் எட்டு மாதத்துக்கு முன் கிடைத்திருந்தால், ஒரு பிள்ளை இங்கேயே தொழில் செய்துகொண்டிருப்பார். நமக்கும் ஒரு நல்ல கருவி கிடைத்திருக்கும்.

விருந்தாளியாகப் போகும்போது

சிரம்பானில் கொமுட்டர் ரயில் ஏறினால் கோலாலம்பூர் போய்ச் சேரலாம். இத்தகைய கூட்டங்கள் பல இலவசமாகவே நடக்கின்றன. போகிறவர் கவனிக்க வேண்டியவை:

முதலாவது, விற்கப் போகாமல் கேட்கப் போக வேண்டும். "நீங்கள் என்ன செய்கிறீர்கள்? எதில் தடை?" என்று கேட்பவரை எல்லோருக்கும் பிடிக்கும்.

இரண்டாவது, நம் தொழிலை இரண்டு வாக்கியத்தில் சொல்லப் பழக வேண்டும். "சிரம்பானில் மசாலாச் சரக்கு மொத்த வியாபாரம் செய்கிறேன், உணவகங்களுக்குப் போடுகிறேன். நிலுவை வசூலிக்க ஒழுங்கான வழி தேடுகிறேன்" என்றால் போதும். தாத்தா கப்பலேறி வந்த கதை பிறகு ஆகட்டும்.

மூன்றாவது, கூடப் போன ஊர்க்காரரோடு மூலையில் நின்றுவிடக் கூடாது. இரண்டு புதியவரோடு நன்றாகப் பேசினால், ஐம்பது அட்டை கொடுத்ததைவிட மேல்.

நான்காவது, செய்வதாகச் சொன்னதை இரண்டு நாளில் செய்துவிட வேண்டும். ஒருவர் தொலைபேசி எண்ணை இன்னொருவருக்குத் தருவதாயிருந்தால், முதலில் அவர் சம்மதத்தைக் கேட்க வேண்டும்.

ஐந்தாவது, நம்பிச் சொன்னது அமானிதம். அதை அடுத்த மேசைக்குக் கொண்டு போகிறவரை மறுமுறை எவரும் நம்பார்.

சில கூட்டங்களில் மது வைப்பதுண்டு. அதனாலேயே நம் பிள்ளைகள் போகத் தயங்குகிறார்கள். காலை நேரக் கூட்டங்களும் பல்கலைக்கழகக் கூட்டங்களும் இருக்கின்றன; அவற்றைத் தேர்ந்துகொள்ளலாம். அதைவிட நல்லது, நாமே தேநீரோடு ஒரு கூட்டம் நடத்துவது.

நாமே கூட்டும்போது

அமெரிக்காவில் கேன்சஸ் சிட்டியில் காஃப்மன் அறநிறுவனம் 2012ல் ஒரு வாராந்தரக் கூட்டத்தைத் தொடங்கியது. பத்து லட்சம் கோப்பை என்பது அதன் பெயரின் பொருள். காப்பிக் கோப்பையைத்தான் சொல்கிறார்கள். புதன்கிழமை காலையில் நடக்கும். தொழில் தொடங்கியவர் ஒருவர் ஆறு நிமிடம் பேசுவார். இருபது நிமிடம் கேள்விகளுக்குப் பதில் சொல்வார். முடிவில், கூடியிருப்பவர்கள் அவருக்கு என்ன உதவி செய்யலாம் என்று கேட்பார்கள். இந்தக் கடைசிக் கேள்விக்காகவே கூட்டம் கூட்டலாம்.

இதை நம் நிலைக்கு ஏற்ப அமைப்போம். மாதம் ஒரு முறை, ஒரே கிழமை, ஒரே இடம். இஷாவுக்குப் பின் ஒன்பது மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்கு முடிக்க வேண்டும். முதற்கூட்டத்துக்கு ஏழு பேர் வந்தாலும் நடத்த வேண்டும். மறு மாதமும் நடத்த வேண்டும். ஆள் குறைவென்று தள்ளிப் போட்ட கூட்டம் பிறகு கூடுவதே இல்லை.

மேடை வேண்டாம், மாலையும் பொன்னாடையும் வேண்டாம். பிரமுகர் வரும் வரை காத்திருப்பதும், அவர் பேசி முடித்ததும் சாப்பாட்டுக்கு எழுவதும் நம் சங்கக் கூட்டங்களின் பழைய நோய். விருந்தையும் சுருக்க வேண்டும். உபசாரத்தில் நம்மை வெல்ல ஆள் இல்லை. ஆனால் பிரியாணி போட்டால் பேச்சு நின்றுவிடும். தே தாரிக்கும் கறிபாப்பும் போதும். செலவு எவ்வளவு, யார் கொடுத்தது என்பதைப் பலகையில் எழுதிவிட வேண்டும். செலவை ஏற்றவருக்கு நன்றி உண்டு. அதற்காக அரைமணிப் பேச்சு கிடையாது.

கூட்டியவர் நாற்காலியில் உட்காராமல் வாசலில் நிற்க வேண்டும். புதிதாய் வருபவரைப் பெயர் கேட்டு, அவருக்குப் பயன்படக்கூடிய ஒருவரிடம் கொண்டுபோய் விட வேண்டும். "இவர் கணக்குச் செயலி செய்கிறார், நீங்கள் நாற்பது பேருக்குக் கடன் போடுகிறீர்கள், பேசுங்கள்" என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். வீட்டிலிருந்தபடியே கைத்தொலைபேசி வழியாக வியாபாரம் செய்யும் நம் பெண்பிள்ளைகள் இன்று பலர். அவர்களுக்கும் தக்க இடம் ஒதுக்கி, அவர்கள் பேச்சுக்கும் அந்த ஆறு நிமிடத்தைக் கொடுக்க வேண்டும். மறுநாள், யாருக்கு என்ன தேவை என்ற பட்டியலை வாட்சப்பில் அனுப்பிவிட வேண்டும்.

எச்சரிக்கையும் வேண்டும். கூட்டத்தில் முதலீடு கேட்டு அங்கேயே பணம் வாங்குவதை அனுமதிக்கலாகாது. பொதுமக்களிடம் பங்குக்குப் பணம் திரட்டும் இணையத் தளங்களைச் செக்யூரிட்டீஸ் கமிஷன் 2015 முதல் பதிவு செய்து வருகிறது. அனுமதியின்றிப் பணம் வாங்குவோரைப் பற்றி பேங்க் நெகாரா எச்சரிக்கைப் பட்டியல் வெளியிடுகிறது. இரண்டையும் பார்த்த பிறகே எவரும் கையை நீட்ட வேண்டும். கூட்டு வைப்பதாயிருந்தால் லாபப் பங்கும் நஷ்டப் பங்கும் எழுத்தில் இருக்கட்டும்.

ராசாவைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்கள் இருந்த நாளில், சம்பள நாளன்று கங்காணியும் கிராணியும் தொழிலாளரும் நம்மவர் கடைப் பெஞ்சில் உட்காருவார்கள். எந்தத் தோட்டத்தில் ஆள் தேவை, எங்கே பழைய லாரி விலைக்கு வருகிறது என்பதெல்லாம் அந்தப் பெஞ்சில்தான் தெரியும். தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பெஞ்சு மட்டும் பல கடைகளில் இன்னும் இருக்கிறது. அதில் மாதம் ஒரு நாள் இரண்டு வியாபாரிகளையும் இரண்டு கணினிப் பிள்ளைகளையும் உட்கார வைப்பது நமக்கு இயலாத காரியமன்று. வரும் மாதத்தில் ராசாவில் இன்ஷா அல்லாஹ் இதைத் தொடங்க எண்ணியுள்ளோம். மற்ற ஊர்ச் சகோதரர்களும் தத்தம் இடத்தில் செய்து பார்க்கட்டும்.

சிந்தித்து வருக:

1. உமது தொழிலையும், அதில் உமக்குள்ள ஒரு தேவையையும் இரண்டு வாக்கியத்தில் எழுதுக.

2. சென்ற ஆறு மாதத்தில் உமது ஊரையும் உமது தொழிலையும் சேராத எத்தனை பேரோடு புதிதாகப் பழகினீர்?

3. உமது கடைப் பெஞ்சில் அடிக்கடி கேட்கும் குறை ஒன்றை எழுதுக. அதைத் தீர்க்கக் கருவி செய்யக்கூடிய பிள்ளை உமது வீட்டிலோ தெருவிலோ யார்?